எல்லாம் ஒரிஜினல்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாராகி, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார், உரிமையாளரின் நம்பிக்கையாலும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகங்களாலும் இன்றும் ஓடுகிறது. எஞ்சின் விசையைக் கியர்பெட்டியோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச் தட்டு தேய்ந்து, அதை மாற்றியதும், உலோகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தாங்கும் ரப்பர் புஷ்கள், தம் மூப்புரிமை மதிக்கப்படவில்லை என்பதுபோல் கடகடக்கத் தொடங்கும். எரியறைக்குள் எண்ணெய் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் வளையங்கள் தளர்ந்தாலோ, வண்டி தான் சென்ற வழியை நீலப்புகையால் எழுதிச் செல்லும். இவ்வாறு ஒவ்வொன்றாக மாறி, உடலில் பொறித்த சேசிஸ் எண் மட்டுமே பழையதாக எஞ்சிய பின்னரும், ‘எல்லாம் ஒரிஜினல்’ என்றே உரிமையாளர் சாதிப்பார். 15 ஆண்டு நிறைந்த சொந்தக் காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வது சட்டம். பணப்பையை மாதந்தோறும் புதுப்பிக்கச் சொல்பவர் மெக்கானிக்.