அரையடிக் குழியும் ஆறு கருவிகளும்: தங்கவயல் வாசல் தோட்டம் குறித்த ஓர் ஆய்வேடு

இயல் 1: ஆய்வின் தேவையும் எல்லையும்

மண்ணைத் தோண்டுவது பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த ஊர் கோலார் தங்கவயல் என்பது இவ்வேட்டின் முதல் துணிபு. லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880இல் இங்கே காலூன்றியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நடுவில் 120 ஆண்டுகள் தோண்டியதில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மட்டும் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது. அதோடு வந்த அரைத்த கல்தூள் 3 கோடி டன்னுக்கு மேல் சயனைடு மேடுகளாக இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. அத்தகைய ஊரில் ஒரு செம்பருத்தி நட அரையடிக் குழி தோண்டப் போகிறவருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கல்வியுலகம் இதுநாள்வரை கண்டுகொள்ளவில்லை.

நேர்வது இதுதான். தோண்டுகிறவர் ஒருவர், மேற்பார்வை நாலு பேர். சுரங்கத்துக்கு முட்டு மரம் கொடுக்கும் டிம்பர் வேலையில் ரிட்டையரான பெரியப்பா, டிரில்லிங்கில் இருந்த எதிர்வீட்டு மாமா, காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தம்பி, எதிலும் இல்லாவிட்டாலும் எல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டு அத்தை. "இன்னாப்பா, மம்பட்டியை இப்பிடிப் புடிக்கிற?" என்பது தொடக்கவுரை. அதன் பிறகு நந்திதுர்க் சுரங்கத்தில் எந்த லெவலில் யார் எவ்வளவு வெட்டினார் என்பது வரை பேச்சு இறங்கும். செம்பருத்தி வாடும்.

எல்லை வகுக்காமல் ஆய்வில்லை. தோட்டம் என்பது இவ்வேட்டில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசற்படிக்கும் சாக்கடைக்கும் நடுவே உள்ள நிலத்தைக் குறிக்கும். நாலடிக்கு எட்டடி இருந்தால் பண்ணை எனப்படும். துரைமார்கள் மாலி வைத்து ரோஜா வளர்த்து, ஊருக்குக் குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கித் தந்த பங்களாத் தோட்டங்கள் இதில் அடங்கா. அங்கே கருவியைத் தேர்ந்தவர் ஒருவர், பிடித்தவர் இன்னொருவர். கருவியின் சுகம் பற்றிப் பேச இருவருக்குமே வாய்ப்பில்லை.

இயல் 2: முன்னோர் ஆய்வுகள்

டெய்லர் என்றதும் ஊரார் கம்பெனி டெய்லரை நினைப்பார்கள். இவர் வேறு டெய்லர். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் இருந்தவர். அங்கே கூலியாட்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஷவல் கொண்டுவந்து, எதைக் கொட்டினாலும் அதாலேயே அள்ளிக்கொண்டிருந்தார்கள். பொடி நிலக்கரி என்றால் ஒரு வாரிக்கு 3½ பவுண்டு, இரும்புத் தாது என்றால் 38 பவுண்டு. டெய்லர் கடிகாரமும் கையுமாக நின்று, வாரிக்கு 21 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9½ கிலோ இருந்தால்தான் ஒருவன் ஒரு நாளில் மிக அதிகமாக அள்ளுகிறான் என்று கண்டார். பிறகு கனமான சரக்குக்குச் சின்ன ஷவலும் லேசான சரக்குக்குப் பெரிய ஷவலும் கம்பெனியே கொடுத்தது. இதையெல்லாம் 1911இல் புத்தகமாகவும் எழுதினார்.

சரக்குக்கு ஏற்ற அளவு என்ற பாதியை இவ்வாய்வு தலைவணங்கி ஏற்கிறது. 21 பவுண்டு என்ற பாதியை ஏற்கவில்லை. சாயங்காலம் சாமந்திக்கு மண் அணைக்கிறவருக்கு முதலாளியும் அவரே, கூலியும் அவரே. நாள் முழுக்க எவ்வளவு அள்ளலாம் என்ற கேள்வியே அவருக்கு எழாது. காம்பு உள்ளங்கையில் எப்படி உட்கார்கிறது என்ற கேள்விதான் எழும்.

இயல் 3: காய்ப்புக் கோட்பாடும் அதன் மறுப்பும்

தங்கவயலில் நெடுங்காலம் செல்வாக்குடன் இருப்பது காய்ப்புக் கோட்பாடு. அதை நம் தருக்க மரபுப்படி இப்படி வைக்கலாம். மேற்கோள்: கருவி கையைக் காய்க்க வைக்க வேண்டும். ஏது: தாத்தாவின் கை காய்த்திருந்தது. எடுத்துக்காட்டு: எதிர்வீட்டுத் தாத்தாவின் கையும் காய்த்திருந்தது.

பெரியப்பாவின் முன் இதை மறுப்பது எளிதன்று. அவர் வாதம் பேசமாட்டார், கையை விரித்துக் காட்டுவார். ஆனால் அந்தக் கையையே சான்றாக எடுத்துக்கொண்டு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தோல் தடிப்பது அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்பப் படும் இடத்தில். காய்ப்பு இருக்கும் இடமெல்லாம் காம்பு வழுக்கிய இடம், சிம்பு குத்திய இடம், பிடி மெலிந்து விரல் நகம் உள்ளங்கையையே அழுத்திய இடம். உழைப்புக்குச் சான்று அது; காம்பு சரியில்லை என்பதற்கும் அதுவே சான்று. கம்பெனிக் கருவியைக் கம்பெனிதான் தேர்ந்தது. ஷிஃப்டுக்கு இறங்குகிறவரிடம் உன் கை எத்தனை அங்குலம் என்று கேட்க அங்கே யாருக்கும் வேலை இருக்கவில்லை. கருவிக்குத் தக்கபடி கை மாறியது. மூன்று தலைமுறைக்குப் பிறகு ரிட்டையரான ஒருவர் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நின்று, இது வேண்டாம் அதை எடு என்று சொல்லும் உரிமை பெற்றிருக்கிறார். அதைப் பயன்படுத்தாமல் கனமானதையே கேட்டு வாங்குகிறார் என்பதே ஆய்வாளரின் மனக்குறை.

அளவு என்ன? அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமும் கலிஃபோர்னியா மாநிலமும் சேர்ந்து 2004இல் கைக்கருவித் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. பலம் கொடுத்துப் பிடிக்கும் ஒற்றைப் பிடியின் விட்டம் 32 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்கிறது அது. பிடியின் நீளம் உள்ளங்கை அகலத்தைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் அதன் முனை உள்ளங்கை நடுவிலேயே குத்தும். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வெட்கப்படுகிறவர்களுக்கு உள்ளூர் முறை உண்டு. காம்பைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் நுனி நடுவிரல் நுனியின் மேல் லேசாக ஏறி உட்கார வேண்டும். விரல்கள் ஒன்றையொன்று எட்டாவிட்டால் பருமன். நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டால் மெலிவு.

அதே வழிகாட்டி விரல் பள்ளம் போட்ட பிடிகளை வேண்டாம் என்கிறது. கண்ணாடிப் பேப்பரில் சுற்றி, பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கும் கருவிகளில் இந்தப் பள்ளங்களைத்தான் பெரிய வசதி போலக் காட்டுவார்கள். பள்ளம் யாரோ ஒருவர் கைக்குப் போட்டது. நம் விரல் மேட்டில் ஏறி நிற்கும். பொதுவாகவே கடையில் தொங்குபவை ஆண் கை அளவு. தங்கவயல் வாசலில் களை பிடுங்குபவர் பெரும்பாலும் அத்தை. ஸ்பாஞ்ச் சுற்றிய பிடியைப் பற்றியும் ஒரு வரி: இரண்டு கோடை வெயில் பட்டால் பிசுபிசுத்துக் கையோடு வந்துவிடும். வழவழப்பாக இழைத்த மரக்காம்புக்கு ஈடு இன்னும் வரவில்லை.

இயல் 4: மண்வெட்டி, கடப்பாரை

மண்ணைத் தள்ளி எடுப்பதா, இழுத்து எடுப்பதா என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தங்கவயலுக்குக் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்களின் ஊரில் நெட்டைக் காம்பும் கூர்நுனியும் கொண்ட ஷவல் பேர்போனது. அது தள்ளும் கட்சி. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர் ஊர்களில் மண்வெட்டி, அதாவது இழுக்கும் கட்சி. தள்ளும் கருவியை மிதித்து இறக்க பூட்ஸ் வேண்டும். ரப்பர் செருப்போடு மிதித்துப் பார்த்தவர்கள் மறுபடி மண்வெட்டிக்கே வந்து சேர்வார்கள். வாசல் தோட்டத்துக்கு இழுக்கும் கட்சியே சரி என்பது ஆய்வாளர் முடிவு.

இங்கே மண் சிவப்பு, கூடவே சரளை. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். மாசி பிறந்தால் தரை இறுகிப்போகும். எனவே எந்தக் கருவியையும் விடச் சிறந்த கருவி முந்தைய நாள் சாயங்காலம் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர். இதைச் சொன்னபோது எதிர்வீட்டு மாமா, "பாறைக்குத் தண்ணி ஊத்தி யாரும் வெட்டுனது இல்ல" என்றார். ஆனால் டிரில் போடும்போது தூசி அடங்கத் தண்ணீர் விட்டவர்களில் அவரும் ஒருவர். நினைவூட்டியதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

மண்வெட்டியின் இலையைச் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, மந்தமாகத் தட்டென்றால் எங்கோ வெடிப்பு அல்லது ஒட்டு. பெயின்ட் தடிமனாக இருந்தால் சந்தேகப்படலாம். முனையில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் உண்மை வெளியாகும். சீவல் சுருளாக வந்தால் இரும்பு மென்மை, மழுங்கிக்கொண்டே இருக்கும். அரம் கடிக்காமல் வழுக்கினால் மிகக் கடினம், கல்லில் பட்டால் முனை உதிரும். சிரமப்பட்டுக் கடிப்பதே வேண்டும். அரத்தோடு கடைக்குள் வருகிறவரைக் கடைக்காரர் எந்தக் கண்ணால் பார்ப்பார் என்பது வேறு ஆய்வு. டாடா அக்ரிகோ இலையும், லூதியானாவின் ஃபால்கன் கருவிகளும் பட்டணத்துக் கடைகளில் கிடைக்கின்றன. கொல்லர் பட்டறை பக்கத்தில் இருந்தால் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்குவதில் ஒரு லாபம் உண்டு: காம்புக்கும் இலைக்கும் உள்ள சாய்வை உங்கள் உயரத்துக்குத் தக்கபடி சொல்லி வாங்கலாம்.

காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது ஊர்வழக்கம். மரம் உப்பி அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட ஆடும். ஆப்பு அடிப்பதே வழி. கழன்று பறக்கும் மண்வெட்டி பற்றி எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது; எல்லாக் கதையிலும் அது ஊறப்போட்ட காம்புதான்.

கடப்பாரையில் ஊர்ப் பெருமை உச்சத்தைத் தொடுகிறது. ஒரு அங்குலக் கனத்தில் ஐந்தடி உருட்டுக் கம்பி என்றால் ஏறக்குறைய 6 கிலோ. அரையடிக் குழிக்கு இது ஆடம்பரம். நாலடி போதும், தோள் பிழைக்கும். எங்கள் வீட்டில் இருப்பது ஆறு பட்டை டிரில் ராடின் ஒரு துண்டு, நுனி தட்டியது. அது சுரங்கத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த வரலாற்றை ஆய்வு நெறி கருதி இங்கே விடுகிறேன்.

இயல் 5: கொத்தும் கரண்டியும்

கைக்கொத்தில் பார்க்க வேண்டியது இரும்பு மரத்துக்குள் போகும் இடம். ஆணி போல் மெலிந்த வால் மட்டும் உள்ளே போயிருந்தால் சரளையில் நாலு கொத்துக்குப் பிறகு தலை தனியே சுற்றும். குழல் போல் வந்து காம்பைக் கவ்விக்கொண்டு ஆணி அடித்திருந்தால் நிற்கும். தொட்டி மண் அள்ளும் கரண்டிக்குக் கழுத்துதான் பலவீனம். நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினால் கழுத்து வளையக் கூடாது. கடையில் வளையாதது வீட்டிலும் வளையாது.

அத்தையின் தரப்பில் ஒரு தடை எழுப்பப்பட்டது: பழைய தோசைக் கரண்டி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? விடை: தோசைக் கரண்டியின் அகலம் தோசைக்கானது, கழுத்து நீளம் கல்லின் சூட்டுக்கானது, மண்ணின் எதிர்ப்பை அது கனவிலும் கண்டதில்லை. அத்தை இவ்விடையை ஏற்கவில்லை. அவர் வீட்டுச் சாமந்தி நம் வீட்டுச் சாமந்தியை விட நன்றாகப் பூத்திருக்கிறது என்ற தரவை நேர்மை கருதிப் பதிகிறேன்.

இயல் 6: கத்தரி

ரோஜா வெட்டும் கத்தரியைக் கண்டுபிடித்தவர் பெர்த்ரான் த மோல்வில் என்ற பிரெஞ்சுப் பிரபு. பதினாறாம் லூயி மன்னரிடம் கடற்படை அமைச்சராக இருந்தவர். 1815ஐ ஒட்டி, தலைகள் உருண்ட புரட்சியெல்லாம் ஓய்ந்த பிறகு, கிளை வெட்டும் கருவியில் அவருக்குக் கவனம் போனது. இதன் மீது உளவியல் ஆய்வு செய்ய ஆய்வாளருக்குத் தகுதியில்லை.

கத்தரியில் இரண்டு சாதி. ஒன்றில் வெட்டும் அலகு மற்ற அலகை உரசிக்கொண்டு தாண்டிப் போகும். மற்றதில் அலகு ஒரு தட்டையான பட்டையின் மேல் போய் உட்காரும். பச்சைத் தண்டுக்கு முதல் வகையே. இரண்டாவது தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் ஏறும். காய்ந்த குச்சிக்கு வேண்டுமானால் அது இருக்கட்டும். விரித்தால் பிடிகளுக்கு நடுவே 9 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, மூடினால் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இயல் 3இல் சொன்ன வழிகாட்டியின் கணக்கு. சின்னக் கையுள்ளவர்கள் கடையிலேயே பத்து தடவை திறந்து மூடிப் பார்க்கலாம், காசா பணமா. சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ 1945 முதல் இதைச் செய்கிறது. அலகு, ஸ்பிரிங், திருகு எல்லாம் தனித்தனியே மாற்றலாம். விலை அந்நிய தேசத்து விலை. நம் ஊர்க் கத்தரி வாங்கினாலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: ஸ்பிரிங் தெறித்து விழுந்தால் இன்னொன்று கிடைக்குமா? இங்கே பேசியதெல்லாம் வலக்கைக் கத்தரி என்பதால் இடக்கைக்காரர்கள் இந்த இயலைக் கோபத்துடன் படிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் கோபம் நியாயம்.

இயல் 7: பூவாளி

நிரப்பித் தூக்கிப் பார்க்கவும்.

இயல் 8: வாய்மொழித் தேர்வு

இவ்வேடு மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு அருகே ஒரு டீக்கடையில், சாயங்கால ரயிலில் இறங்கியவர்கள் சூழ, தேர்வாளர்கள் முன் வைக்கப்பட்டது. தலைமை பெரியப்பா. புறத்தேர்வாளர் எதிர்வீட்டு மாமா.

முதல் கேள்வி: அரையடிக் குழிக்கு முட்டு மரம் கொடுக்கப்பட்டதா? இல்லை என்றதும் தலைவர் முகம் சுருங்கியது. இரண்டாவது: காத்து வசதி? திறந்த குழி என்று விளக்கப்பட்டது. மூன்றாவது கேள்வியை மாமா தொடங்கினார். அது கேள்வியாக முடியாமல், எந்தச் சுரங்கத்துப் பாறை அதிகம் வெடித்தது என்ற பழைய வழக்காக மாறி, இரண்டு டீ வரை நீண்டது. காய்ப்பு மறுப்பு இயலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் ஆய்வாளர் கொண்டுபோயிருந்த புதுக் கொத்தை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பிடித்துப் பார்த்து, "கையில நல்லாத்தான் குந்துது" என்று சொல்லிக் கீழே வைத்தார்.

பட்டம் இன்னும் வழங்கப்படவில்லை. குழியை மேலும் அரையடி இறக்கினால் பரிசீலிக்கலாம் என்பது தேர்வுக்குழுவின் ஒருமனதான பரிந்துரை.