மாலை கழற்றிய மறுநாள்

குடி, புகை, போதை மீட்பு பற்றி வாசகர்கள் கேட்டவை

ப.ச., விழுப்புரம்: 'குடிப்பவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று ஒரு பொடிக்கு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம் தாயே. வெறும் மாவாக இருந்தால் காசோடு போகும். டைசல்ஃபிராம் கலந்திருந்தால் ஆளே போகலாம். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது ஒரு கட்டிங் போட்டாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி புரட்டும், பிரஷர் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர் என்றால் உயிருக்கே உலை. அதனால்தான் டாக்டர்கள் விவரம் சொல்லி, அவருடைய சம்மதம் வாங்கிய பிறகே இதை எழுதுகிறார்கள். குடிப்பவருக்குத் தெரிந்து கொடுத்தால் மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷம்.

ஜே.எம்., திருச்சி: அந்த டைசல்ஃபிராமைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

ஒருவரல்ல, இருவர். டென்மார்க்கின் யென்ஸ் ஹால்டும் எரிக் யாகப்சனும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர்கள், தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதற்குமேல் மது உள்ளே போனதும் உடம்பு படுத்திய பாட்டில் விஷயம் புரிந்தது. 1948-ல் உலகுக்குச் சொன்னார்கள். மது நம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். பிறகுதான் அந்த நச்சு முறியும். அந்த இரண்டாவது வேலையை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். யாருக்கு மருந்து, யாருக்குச் சும்மா மாத்திரை என்று சொல்லாமல் சோதித்தால், இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. 'எனக்கு வந்தது நிஜ மாத்திரையாக இருந்துவிட்டால்?' என்ற பயம் இரண்டு பக்கமும் உண்டே! சொல்லிக் கொடுத்து, தினமும் மனைவியோ நர்ஸோ கண்ணெதிரே விழுங்கவைத்தால் நன்றாகவே பலிக்கிறது. பாதி ரசாயனம், பாதி பயம்.

ஒரு வாசகி, திண்டுக்கல்: சபரிமலைக்கு மாலை போட்டால் என் கணவர் 48 நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார். கழற்றிய மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறார். சாமிக்குப் பயப்படுகிறவர் எனக்குப் பயப்படக் கூடாதா?

பயம் மட்டும் காரணமில்லை சகோதரி. அந்த 48 நாளில் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, 'வாடா மச்சான்' என்று கூப்பிட்டவனே 'சாமி' என்கிறான், கடைப் பக்கம் யாரும் இழுப்பதில்லை. ஆள் அதேதான், சுற்றியிருப்பது வேறு.

1971-ல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமை. நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள், அந்த அடிமைகளிலேயே சுமார் 5 சதவீதம் பேர்தான். இடம் மாறியது, சேர்க்கை மாறியது, சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

சிப்பாய்கள் வியட்நாமுக்குத் திரும்பிப் போகவில்லை. உங்கள் கணவரோ அதே முக்குக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே ஆறு மணிக்குத் திரும்பிப் போகிறார். அடுத்த முறை மாலை போடும்போதே 49-ஆம் நாள் சாயங்காலத்துக்கு ஒரு வேலை முடிவு செய்துவிடுங்கள்.

கே.வி., தேனி: கோயிலில் கயிறு கட்டினால் குடி நிற்குமா?

ஊரறியச் சத்தியம் செய்வது நல்ல விஷயம்; பாதிப் பேருக்கு அந்த மானம்தான் காவல். ஆனால் காலையில் வரும் கை நடுக்கத்துக்குக் கயிறு தெரியாது. கயிறும் கட்டட்டும், டாக்டரையும் பார்க்கட்டும்.

டி.எஸ்., ஈரோடு: 'ஒரேயடியாக நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது' என்று பீடி பிடிப்பவரும் சொல்கிறார், குடிப்பவரும் சொல்கிறார். யார் சொல்வது சாக்கு?

பீடிக்காரர் சொல்வது சாக்கு. இங்கிலாந்தில் 697 புகைப்பவர்களைப் பிரித்து, பாதிப் பேரைக் குறித்த நாளில் பட்டென்று நிறுத்தச் சொன்னார்கள். மீதிப் பேரை இரண்டு வாரம் குறைத்துக் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் பட்டென்று விட்டவர்களில் 49 சதவீதம் பேர் புகையில்லாமல் இருந்தார்கள். குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம் பேர். 2016-ல் வெளிவந்த ஆய்வு.

குடிகாரர் விஷயம் வேறு. காலையில் ஒரு ரவுண்டு உள்ளே போனால்தான் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடிகிறது என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைச் சுவரில் காட்டுவார். உயிரே போகக்கூடிய கட்டம் அது. மருத்துவமனையில் வைட்டமின் பி1 ஊசி போட்டு, அமைதிப்படுத்தும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கரையேற்றுவார்கள். ஆகவே பீடிக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டு, குவார்ட்டருக்கு டாக்டர்.

ஆர்.பி., கோவை: சிகரெட்டை விடுவதற்கு நிக்கோட்டின் சூயிங்கமாம். திருடனைப் பிடிக்கத் திருடனா?

திருடன் நிக்கோட்டின், கொலைகாரன் புகை. தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் நுரையீரலையும் இதயத்தையும் முடிப்பவை. நிக்கோட்டின் செய்வது, மறுபடி மறுபடி பெட்டிக்கடைக்கு அனுப்புவது. இந்த யோசனை ஸ்வீடனில் 1967-ல் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாதவர்கள் புகையிலை மென்று சமாளித்ததைக் கவனித்த ஒருவர், ஓவ ஃபெர்னோ என்ற மருந்து ஆராய்ச்சியாளருக்கு எழுதினார். அவர் சூயிங்கம் செய்தார்.

நம்மவர்கள் இதைப் பபிள்கம் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, 'வேலைக்காகாது' என்று துப்பிவிடுகிறார்கள். சுருக்கென்று காரம் தெரியும்வரை மெல்ல வேண்டும். பிறகு கன்னத்து ஓரம் ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபியோ ஜூஸோ கூடாது. அவற்றின் புளிப்பு நிக்கோட்டினை வாயில் இறங்கவிடாது.

எம்.ஏ., வேலூர்: மனசு வைத்தால் விடலாம். மாத்திரை எதற்கு?

மனசு வைத்தவருக்குத்தான் மாத்திரை. நால்ட்ரெக்சோன் என்று ஒன்று. குடித்தாலும் கிக் ஏறவிடாது. மதுப் பழக்கத்துக்கு அமெரிக்கா 1994-ல் அனுமதித்தது. அகாம்ப்ரோசேட் என்று இன்னொன்று. நிறுத்தியபின் மூளையில் மிஞ்சும் பரபரப்பை அடக்கும். மனசை மட்டும் நம்பச் சொல்பவர்கள், காய்ச்சலுக்கும் அதையே சொல்வார்களா?

எஸ்.என்., சென்னை: ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் கொடுப்பது ஒரு போதைக்கு இன்னொரு போதைதானே?

1965-ல் நியூயார்க்கில் டாக்டர்கள் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதியபோது இதே கேள்விதான் பறந்தது. ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கி, அடுத்த ஊசிக்கு ஓடவைக்கும். மெத்தடோன் ஒரு வேளை போதும், நாள் முழுக்க நிற்கும். ஆள் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போகலாம். இந்தச் சிகிச்சையில் இருக்கும்வரை சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. இந்தியாவிலும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில், ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு பியூப்ரினார்ஃபின் மாத்திரையைக் கண்ணெதிரே கொடுக்கிறார்கள். பிணத்தைத் திருத்த முடியாதே ஐயா.

வி.கே., மதுரை: 'குடிக்காமல் இருந்தால் காசு' என்று ஒரு சிகிச்சை உண்டாமே? அந்தக் காசில் குடிப்பார்களே!

அதனால்தான் காசாகக் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஸ்டீஃபன் ஹிகின்ஸ் என்ற ஆய்வாளர், கோகெய்ன் பழக்கத்துக்கு 1990-களில் கூப்பன் முறையைக் கொண்டுவந்தார். சிறுநீர்ச் சோதனையில் போதை இல்லையென்றால் கூப்பன். தொடர்ந்து தேறினால் தொகை ஏறும். ஒருமுறை தவறினால் அடிமட்டத்திலிருந்து ஆரம்பம், பரமபதத்தில் ஏணியும் பாம்பும் ஒரே பலகையில் இருப்பது போல. கூப்பனுக்குப் பொருள்தான் கிடைக்கும். கோகெய்ன் பழக்கத்துக்கென்று அனுமதி பெற்ற மாத்திரை இன்றுவரை இல்லை. அங்கே இதுதான் பெரிய ஆயுதம். பரமபதத்தில் ஏணியும் பாம்பும் ஒரே பலகையில் இருப்பது போல.

ஐ.ஜே., நாகர்கோவில்: ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரைத் திருத்துவாராம். நம்பலாமா?

1935-ல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். அதுதான் 'ஏ.ஏ.' (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். 2020-ல் 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, முழுதாக விட்டு நிற்பதில் மற்ற பேச்சுச் சிகிச்சைகளுக்கு இது சளைத்ததல்ல, சில சமயம் ஒரு படி மேல் என்று தெரிந்தது. கட்டணம் கிடையாது. தமிழிலும் நடக்கிறது.

எல்.எஸ்., தஞ்சாவூர்: கவுன்சலிங் என்றால் அறிவுரைதானே? என் தம்பிக்கு நாங்கள் செய்யாத அறிவுரையா?

அறிவுரையால் குடி நிற்கும் என்றால் தமிழ்நாட்டில் எப்போதோ நின்றிருக்கும். கோவாவில் 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 377 ஆண்களை வைத்து ஒரு சோதனை. 2017-ல் 'லான்செட்' வெளியிட்டது. பேசியவர்கள் டாக்டர்களோ மனநல நிபுணர்களோ அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நான்கே சந்திப்பு. மூன்று மாதம் கழித்து, 'கடந்த 14 நாளில் ஒரு சொட்டும் இல்லை' என்றவர்கள் இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 42 சதவீதம்; கிடைக்காதவர்களில் 18 சதவீதம்.

இத்தகைய பேச்சு பெரும்பாலும் கேள்விகள்தான். "குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று முதலில் கேட்பார்கள். தம்பி அசந்துபோய்ச் சொல்லிமுடித்த பிறகு, "பிடிக்காதது?" என்பார்கள். இரண்டாவது பதிலை அவர் வாயாலேயே சொல்லவைப்பதுதான் வித்தை. நீங்களும் நானும் அந்தப் பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

என்.டி., கள்ளக்குறிச்சி: டாஸ்மாக்கை மூடிவிட்டால் இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு?

உங்கள் ஊர்க்காரர்கள் 60-க்கும் மேற்பட்டவர்கள் 2024-ல் மெத்தனால் சாராயத்தில் செத்தார்கள். அப்போது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. கடை நேரத்தைக் குறைத்தால், விலையை ஏற்றினால் குடி குறையும் என்பதற்கும் ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடையை மூடினாலும் நடுக்கம் கடையோடு போகாது. 2019-ல் வந்த எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மூடச் சொல்லிப் போராடுங்கள்; மீதி 37 பேருக்காகவும் ஒரு கோஷம் போடுங்கள்.

ஒரு தாய், சேலம்: ஒன்பதாவது படிக்கும் மகன் பையில் 'கூல் லிப்' பார்த்தேன். அடி பின்னிவிடட்டுமா?

அடித்தால் விடமாட்டான், ஒளிப்பான். உதட்டுக்குள் வைக்கும் அந்தச் சின்னப் பையில் இருப்பது நிக்கோட்டின். வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போகும். யார் கொடுத்தது, எந்த நேரத்தில் வைக்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். புகையிலை பாக்கெட்டுகளின் மேலேயே அச்சடித்திருக்கும் இலவச எண் 1800-11-2356. விற்றவனே விலாசம் கொடுத்திருக்கிறான், பயன்படுத்துங்கள்.

பெயர் வேண்டாம், கடலூர்: அண்ணனை மூன்று முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மூன்று முறையும் நன்றாகத் திரும்பி வந்தார், மூன்று முறையும் விழுந்தார். இனி கைகழுவிவிடலாமா?

மூன்று முறையும் உள்ளே இருந்தவரை நின்றிருக்கிறார். ஆக, சிகிச்சை தோற்கவில்லை. சிகிச்சை வாசலோடு முடிந்துபோயிருக்கிறது. மேலே சொன்னவற்றில் பலவற்றிலும் ஒன்றைக் கவனியுங்கள்: மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கவைத்த மனைவி, வாராவாரம் கூடிய கூட்டம், ஒவ்வொரு சோதனைக்கும் கூப்பன் கொடுத்தவர். விட்ட பிறகும் விடாமல் கேட்க ஓர் ஆள் இருந்த இடத்தில் பலன் நின்றிருக்கிறது.

நான்காவது முறை சேர்க்கும் முன் மையத்துக்கு அரசுப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிப்போட்டு அடிக்கும் இடமென்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். பிறகு, "எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்காதீர்கள். "அனுப்பிய பிறகு எத்தனை மாதம் போன் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். 'அதெல்லாம் கிடையாது' என்று சொன்னால், முன்பணம் கட்டாமல் அடுத்த மையத்துக்குப் போங்கள்.