பந்தான் ஏன் பின்வாங்குவதில்லை? ஜெட்டான் கணினி ஆட்டமும் கேமரன் மலைப் பெரட்டுக்களமும்: ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் தேவை

கேமரன் மலையைப் பற்றி எழுத வந்தவர்கள் தேயிலையை எழுதினார்கள், ஸ்ட்ராபெரியை எழுதினார்கள், 1967இல் அங்கே காணாமல்போன பட்டு வணிகர் ஜிம் தாம்சனை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய்க் கிரகச் சதுரங்கத்துக்கும் இம்மலைத் தோட்டங்களுக்கும் உள்ள உறவு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. குறை என்று இதுவரை யாரும் முறையிடவில்லை என்பது ஆய்வுக்குத் தடையாகாது.

டார்ஸானைப் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ் 1922இல் 'தி செஸ்மென் ஆஃப் மார்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். செவ்வாய்வாசிகள் ஆடும் ஜெட்டான் என்ற சதுரங்கம் அதில் வருகிறது. மனாட்டர் நகரில் காய்களுக்குப் பதில் ஆட்களை நிறுத்தி, ஒரு கட்டத்துக்காக இருவரைச் சாகும்வரை மோதவிடுகிறார்கள். நல்லவேளையாகப் பரோஸ் விதிகளைப் பின்னிணைப்பாகவும் கொடுத்திருந்ததால் ஆட்டம் பூமிக்கும் வந்தது. 1998இல் வெளியான 'ஜில்லியன்ஸ் ஆஃப் கேம்ஸ்' போன்ற மென்பொருள்கள் வந்தபின் உயிர்ச்சேதம் இன்றி மடிக்கணினியிலேயே ஆட முடிகிறது.

2. மாற்றுக் கொள்கையும் மறுப்பும்

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முப்பரிமாணச் சதுரங்கமே இம்மலைக்குப் பொருந்தும் என்று சிலர் வாதிடக்கூடும். அதில் 4×4 கட்டத் தட்டுகள் மூன்று, 2×2 குட்டித் தட்டுகள் நான்கு, மொத்தம் 64 கட்டங்கள். இங்கேயும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என மூன்று தட்டாக மலை ஏறுகிறது. கண்ணுக்கு அழகான கொள்கைதான், ஆனால் நிற்காது. அந்தத் தட்டுகளில் நிற்பவை நமக்குப் பழகிய ராஜாவும் சிப்பாயுமே. தோட்டத்தை மேடுபள்ளத்தால் அளக்கக் கூடாது; யார் எத்தனை அடி நடக்கலாம் என்பதால் அளக்க வேண்டும்.

3. காய்கள்

ஜெட்டான் பலகை 10×10. கட்டங்கள் கறுப்பும் ஆரஞ்சும். பக்கத்துக்கு 20 காய்கள். கறுப்புப் படை தெற்கே, ஆரஞ்சுப் படை வடக்கே. இதற்கு அரசியல் உரை எழுதுவோர் தம் சொந்தப் பொறுப்பில் எழுதிக்கொள்ளட்டும்.

முன்வரிசையில் எட்டுப் பந்தான்கள், அதாவது கூலிப்படை வீரர்கள். வரிசையின் இரு முனையிலும் ஆளுக்கொரு தோட், அதாவது வாகனமேறிய வீரன். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள்கள் வரிசை பிடிக்க, முனையில் கங்காணி நின்ற காட்சி இதுவே என்பது என் துணிபு. பின்வரிசையில், தோட்டப் பதவிகளில் சொன்னால், மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), பெரிய கிராணி, சின்ன துரை எனப் படிப்படியாக ஏறி நடுவில் 'சீஃப்' என்னும் பெரிய துரையும், பக்கத்தில் இளவரசி என்னும் துரைசாணியும் நிற்கிறார்கள். செவ்வாயில் ஒவ்வொரு காயின் தலைக்கும் விலை வைத்துச் சூதாடுவார்களாம். ஆள் தலையை எண்ணிக் கங்காணிக்குக் காசு கொடுத்த மலாயாவில் இது செய்தியே அல்ல.

இம்மலையின் போ தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929இல். நாவல் ஏழாண்டு மூத்தது. ஆகவே நாவலைப் பார்த்தே தோட்டம் போட்டார்கள் என்று ஒரு கருதுகோள் வைக்கலாம். கங்காணி முறை 19ஆம் நூற்றாண்டிலேயே மலாயாவுக்கு வந்துவிட்டதால் வைத்த கையோடு எடுத்தும்விடலாம்.

4. கணக்கியல்

காலிப் பலகையின் நடுவே சீஃப்பை நிறுத்துவோம். எத்திசையிலும் மூன்று கட்டம், இடையில் திரும்பியும் போகலாம், மிதித்த கட்டத்தை மறுபடி மிதிக்கக் கூடாது. வழிகளை எண்ணினால் 368. நேர்த்திசைகளில் மட்டும் மூன்று கட்டம் போகும் ட்வார் என்ற பின்வரிசைக் காய்க்கு 36. பந்தானுக்கு ஒரே கட்டம்: முன்னால், பக்கவாட்டில், மூலைவாட்டில் போகலாம், பின்னால் கூடாது.

இங்கே ஒரு மூலபாடச் சிக்கல் உண்டு. மூலைவாட்டில் பின்னோக்கிப் போகலாமா? பரோஸ் தெளிவாகச் சொல்லவில்லை. மனிதர்கள் ஆடினால் இதை வைத்தே வடகலை, தென்கலை பிரித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வழக்காடலாம். கணினிக்கு அந்த வசதி இல்லை. நிரல் எழுதுபவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தாராளமானவர் பந்தானுக்கு 7 வழி தருவார், கறாரானவர் 5.

களச்சான்று கறாரானவர் பக்கம் இருக்கிறது. தேயிலை வரிசையின் இருபுறமும் ஆளுக்கொருவர் நின்று வெட்டு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கவனியுங்கள். வெட்டிய கொழுந்து காற்றோடு பின்னால் போய் விழ, பை ஊதிக்கொண்டே வருகிறது. முன்னால் நடக்கலாம், வரிசை முடிந்தால் பக்கத்து வரிசைக்கு மாறலாம். பின்னால் கால் வைக்கப் பை இடம் கொடுக்காது.

5. வெற்றி பற்றிய சட்டம்

துரைசாணியின் கட்டத்தை எதிரிக் காய் எது எட்டினாலும் வெற்றி. ஆனால் அவருக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை பத்துக் கட்டம் தாண்டித் தப்பிக்கும் சலுகை உண்டு. சீஃப்பை எதிர்ப்பக்கச் சீஃப் பிடித்தாலும் வெற்றி. வேறு யார் பிடித்தாலும் ஆட்டம் சமன்.

ரிங்லெட்டில் ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் பேத்தியின் மடிக்கணினியில் இதைச் சோதித்தார். பாலில்லாத் தே ஓ தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய பந்தான் எதிரிச் சீஃப்பைப் பிடித்தது. திரையில் 'சமன்' என்று வந்தது.

"என்னம்மா இது? ஆளு தொரயப் புடிச்சிட்டான், கெலிச்சாச்சுதானே?"

"இல்ல தாத்தா. சீஃப்ப சீஃப்தான் புடிக்கணும். மத்தவங்க புடிச்சா ட்ராவாம்."

"அப்ப இத எழுதுன வெள்ளக்காரன் தோட்டத்துல வேல பாத்திருக்கான்லா."

நானூறு பக்கத்தில் நான் நிறுவவிருந்ததைத் தகவலாளி ஒரே வரியில் முடித்துவிட்டதால் ஆய்வேடு கைவிடப்பட்டு இக்கட்டுரையாகச் சுருங்கியது.

6. முடிவும் பரிந்துரையும்

நம் சதுரங்கத்தில் கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்க்கு ராணிப் பதவி கிடைக்கும். ஜெட்டானில் பதவி உயர்வே இல்லை. எல்லையைத் தொட்ட பந்தான் இடமும் வலமுமாக நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். தோட்டத்தில் நடந்தது வேறு. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இருந்தவர்களின் பிள்ளைகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள். பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போனார்கள். இன்று தேயிலை வரிசைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். ஆள் மாறினாலும் காயின் பெயர் அதேதான்.

பந்தானும் பலகையைவிட்டு வெளியேறலாம் என்பதை விதி அறியாது, மலை அறியும். ஆகவே கணினிப் பதிப்பில் ஒரு திருத்தத்தைப் பரிந்துரைக்கிறேன்: கடைசி வரிசையை எட்டிய பந்தானுக்கும் ஒருமுறை தப்பிக்கும் உரிமை வேண்டும். புதிதாக நிரல் எழுத வேண்டிய சிரமம் இல்லை. துரைசாணிக்கு எழுதி வைத்ததை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.