நெஞ்சுச் சூடும் நிரூபணமும்

கேள்வி: நர்சிங் மாணவிக்கு ஆராய்ச்சி முறைகள் பாடம் எதற்கு? ஊசி போடத் தெரிந்தால் போதாதா?
– ஒரு மாணவி, அகளி, அட்டப்பாடி

பதில்: ஊசி போட விரல் போதும், யாருக்கு, எப்போது, ஏன் என்று கேட்கத்தான் இந்தப் பாடம்.

2013-ல் உங்கள் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததை நாடே பேசியது. பல குழந்தைகள் எடை குறைந்து பிறந்தவை. அப்படிப்பட்ட சிசுவை முதலில் வார்மர் எனும் சூடூட்டும் கருவியில் வைத்து, உடல்நிலை சீரான பிறகே தாயின் நெஞ்சில் அணைக்கக் கொடுப்பது வெகுகால வழக்கம். அது சரியா? இந்தியா உட்பட 5 நாடுகளில், 1.8 கிலோவுக்கும் குறைந்த 3,211 சிசுக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிறந்ததுமே நெஞ்சோடு அணைக்கப்பட்ட குழுவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 12 சதவீதம், பழைய வழக்கப்படி கவனிக்கப்பட்ட மற்றதில் 15.7. முடிவு 2021-ல் வெளியானது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், பிறந்ததுமே அணைக்க வேண்டும் என்று தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது.

தாய்ச்சூட்டின் அருமை நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு பாட்டி தட்டினால் திறக்காது, எண்கள் தட்டினால் திறக்கும்! பிறந்ததுமே அணைக்க, அந்தப் பிரிவில் சிசுவின் அருகிலேயே தாய்க்கும் கட்டில் வேண்டும் என்று நாளை நீங்கள் வாதாடும்போது, அந்த எண்களைப் படித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், தங்கச்சி.