முப்பது விநாடியின் பெருமை

காலத்தைக் கூறு போட்டு எண்ணுவதில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தை மிஞ்சும் இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. ஏ ஷிஃப்ட்டுக்கான கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே சுங்குவார்சத்திரத்தில் வந்து நிற்கும்போது, பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆலைக்குள் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. சாப்பாட்டு நேரமும் டீ நேரமும் போக 7 மணி நேரம் வேலை, அதற்குள் 840 உருப்படி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25,200 விநாடியை 840ஆல் வகுத்தால் 30 விநாடி. டேக்ட் டைம் என்பது இதுதான். லைனில் நிற்கும் பெண் அந்த 30 விநாடிக்குள் பலகையை எடுக்க வேண்டும், இரண்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும், பார்கோடைக் காட்ட வேண்டும், அடுத்த கைக்குத் தள்ள வேண்டும். பிறகு அடுத்தது. தும்மல் வந்தால் அதற்கு அங்கே ஒதுக்கீடு இல்லை. கழிப்பறைக்குப் போக ரிலீவர் வர வேண்டும், அவர் வரும்வரை உடம்பு பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு விநாடியும் சிந்தாமல் எண்ணியிருக்கிறார்கள். எண்ணியவர்களின் திறமையை மனதாரப் பாராட்டுகிறேன்.

இவ்வளவு துல்லியமாகக் கடிகாரத்தைக் கற்றவர்கள் இன்னொரு கடிகாரத்தையும் விரைவில் கற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து உடம்பின் பகலையும் இரவையும் நடத்துகின்றன. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக 2017ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் நோபல் பரிசு பெற்றார்கள். உடம்பின் நாள்முறையைக் குலைக்கும் இரவு ஷிஃப்ட் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லேயே வகைப்படுத்தியது, 2019லும் அதை உறுதி செய்தது. இந்த வாரம் ஏ ஷிஃப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் இரவில் சி என்று அட்டவணை சுற்றுகிறது. உள்ளே இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவில்தான் நகரும். அது சி ஷிஃப்ட்டுக்குப் பழகி முடிப்பதற்குள் அட்டவணை மாறிவிடுகிறது. இவ்வளவும் அறிந்த பிறகு, 8 மணி வேலை நேரத்தை 12 ஆக்கிக்கொள்ள வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. திரும்பப் பெற்ற வேகத்தையும் பாராட்டத்தான் வேண்டும்.

மின்னணு ஆலைகளில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் மணிக்கட்டில் கட்டும் பட்டை. மனித உடம்பில் சேரும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்குச் சுரீரென்று உறைக்கும். சில நுண்சில்லுகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். ஆகவே நாம் உணரவே முடியாத அதிர்ச்சியிலிருந்து சில்லைக் காப்பாற்ற, லைனில் உட்காரும் ஒவ்வொருவரையும் சுருள் வயரால் பூமியோடு பிணைக்கிறார்கள். அந்த வயருக்குள் ஒரு மெகாஓம் தடை ஒன்று பொதிந்திருக்கிறது. எங்காவது மின்கசிவு இருந்தால் அது உடம்பு வழியே பாயாமல் தடுப்பதற்காக வைத்தது. பட்டை சில்லுக்கு, தடை மனிதருக்கு. வடிவமைத்த பொறியாளருக்கு இரண்டு உயிரும் நினைவில் இருந்திருக்கின்றன.

அந்தப் பொறியாளர் 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் இருந்திருக்க வேண்டும். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கிய ஒரு விடுதியின் சாப்பாட்டால் நஞ்சேறி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. அது பொய்தான். ஆனாலும் அதை நம்பும்படியான இடத்தில்தான் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே அறையில் கூட்டமாகத் தரையில் படுத்ததையும், கழிப்பறையில் தண்ணீர் வராததையும் அவர்களே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு, சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தனது தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கண்டறிந்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. சில்லில் தூசு படாமல் காற்றை வடிகட்டத் தெரிந்த இடத்தில், சோற்றுப் பானையைப் பார்க்க நெடுஞ்சாலை மறியல் தேவைப்பட்டது.

காஞ்சியில் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவை பாராட்டிய நாடு இது. ஒரகடத்து இயந்திரங்களையும் அப்படித்தான் பாராட்ட வேண்டும். குறித்த நாளில் எண்ணெய், குறித்த மணிக்குத் துடைப்பு, இத்தனை ஆயிரம் சுற்றுக்கு ஒரு பேரிங் மாற்றம் எல்லாம் அட்டையில் எழுதிக் கையெழுத்தோடு தொங்குகிறது. நின்றே வேலை செய்பவர் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவில் சொன்னது. அதற்கும் அந்த அட்டையில் ஒரு கட்டம் போட்டால் பராமரிப்பு முழுமையாகிவிடும்.

பொருளியலிலும் இங்கே புலமை ஆழமானது. ஆடம் ஸ்மித் 1776ல் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்கிறார்கள். அந்த அத்தியாயத்தை ஒரகடம் வரிவரியாக நடைமுறைப்படுத்தியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஓரிரண்டு எளிய செயலையே செய்துகொண்டிருப்பவரின் சிந்தனை மழுங்கிப்போகும், அரசு தலையிட்டுக் கல்வி தர வேண்டும் என்று அதே ஸ்மித் ஐந்தாம் பாகத்தில் வருந்துகிறார். நூல் பெரியது, அதுவரை போக நேரம் வேண்டும்.

ஃபோர்டை இவர்கள் மிஞ்சியே விட்டார்கள். 1913ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் வந்ததும் வேலை தாங்காமல் ஆட்கள் ஓடினார்கள். 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஓராண்டில் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. வேறு வழியின்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் கூலியை நாளுக்கு 5 டாலராக, ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்த்தினார், வேலை நேரத்தையும் 8 மணியாகக் குறைத்தார். ஆள் நிற்கவில்லை என்பது அவருக்குச் செலவு. இங்கே அது திட்டத்திலேயே இருக்கிறது. டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று வரும்போதே போகும் தேதியோடு ஆள் வருகிறார். பெர்மனென்ட் ஒருவரும் கான்ட்ராக்ட் ஒருவரும் ஒரே லைனில் ஒரே ஸ்க்ரூவை முடுக்குவார்கள், சம்பளச் சீட்டு மட்டும் வேறு. பல ஆலைகளில் சட்டையின் நிறமே யார் எவர் என்று சொல்லிவிடும். எல்லாரும் கேட்கட்டும் என்று திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தைச் சொன்னதாகப் போற்றப்படும் ராமானுஜர் பிறந்த ஊருக்குள் இது நடக்கிறது.

ஒரு இடம் பிடிக்காதபோது மனிதருக்கு இரண்டு வழி உண்டு, விலகுவது அல்லது குரல் கொடுப்பது என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் எழுதினார். குரல் கொடுக்கும் வழியைச் சட்டமாக்கியதில் சென்னைக்குப் பங்குண்டு. 1918ல் பின்னி மில் தொழிலாளர்களோடு மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து பி.பி. வாடியா முதலானோர் மீது நிர்வாகம் நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த வழக்கின் அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு இட்டுச் சென்றது. ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது சட்டம். பின்னால் திருத்தியபோதும் பெரிய ஆலைக்கு நூறு பேர் போதும் என்றுதான் வைத்தார்கள். இந்தத் தடத்துச் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பது பெரிய வழக்காயிற்று. உயர் நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஒரு தாளில் முத்திரை குத்த அரசு காட்டிய நிதானம், 30 விநாடிக்கு ஓர் உருப்படி கேட்கும் ஊரில் அபூர்வமானது.

வேகம் தெரியாத அரசு என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. நோக்கியாவோடு 2005 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து செல்பேசி வெளிவரத் தொடங்கிவிட்டது. நிலம், மின்சாரம், சாலை, சுங்கம் எல்லாம் ஓராண்டுக்குள் கூடிவந்தன. உச்சத்தில் 8,000 பேர் அளவுக்கு வேலை செய்த அந்த ஆலை, வரி வழக்குகளுக்கு நடுவே 2014 நவம்பர் 1 அன்று நின்றது. ஹிர்ஷ்மன் சொன்ன விலகும் வழியை இங்கே முதலில் பயன்படுத்தியது கம்பெனிதான். வீட்டுக்குப் போன பெண்களில் பலர் இருபதுகளிலேயே விருப்ப ஓய்வுத் தொகை வாங்கியவர்கள்.

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். செலவு 706 கோடி ரூபாய்க்கும் மேல். நல்ல கட்டடம், தேவையான கட்டடம், கட்டியவர்களுக்கு முழு மனதோடு நன்றி சொல்கிறேன். செல்பேசி வெளிவர ஒப்பந்தத்திலிருந்து 9 மாதம் ஆனது. அதைப் பூட்டும் பெண்களுக்கு இந்தப் படுக்கைகள் வர 19 ஆண்டு ஆனது.