ஷாக்கப்சர் பெட்டியில் கொஞ்சம் நெய்

ஜங்கிலிகாட்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மாமாவுக்கு,

‘வெளிநாட்டு மாப்பிள்ளை’ என்று பீளமேடு பூராவும் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறீர்களாம், அக்கா போனில் சிரித்தது. பாஸ்போர்ட்டே எடுக்காதவனுக்கு இது அதிகமுங்க. ஆனாலும் அந்தமானுக்குச் சென்னையில் கப்பல் ஏறினால் மூன்று நாள் தண்ணீரைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. சென்னையைவிட பர்மாக் கரைதான் இங்கே கிட்ட. கடிகாரம் மட்டும் இந்திய நேரம். சூரியனுக்கு அது தெரியாமல் மார்கழியில் ஐந்து மணி வாக்கிலேயே படுக்கப் போய்விடுகிறது. ஊர்ப் பெயரையும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாயிற்று. என் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன், திட்டாதீங்க. காரைத் தாழ்த்திவிட்டேன்.

மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடம் சிவப்புப் போலோ ஜி.டி. வாங்கினேனே, அதைத்தான். லோயரிங் ஸ்பிரிங் கப்பலில் வந்தது, வண்டி 40 மில்லிமீட்டர் இறங்கியது. நின்ற இடத்தில் பார்த்தால் பந்தயக் குதிரை. ஸ்பிரிங் விற்றவர் (பேர் வேண்டாம்) “ஸ்பிரிங் மட்டும் போதும், ஷாக்கப்சர் கம்பெனிதே இருக்கட்டும்” என்றார். நானும் தலையாட்டினேன். அப்புறம் கார் ஆட்ட ஆரம்பித்தது.

நம் வீட்டு உத்தரத்தில் தொட்டில் ஸ்பிரிங் தொங்குமே, ஞாபகம் இருக்கா? பிள்ளை ஒருதரம் காலை உதைத்தால் பாட்டி கை வைக்கிறவரை தொட்டில் குதித்துக்கொண்டே இருக்கும். ஷாக்கப்சர் என்பது பாட்டி கைதான். வண்டியைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை, ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குவதே வேலை. புது ஸ்பிரிங் குட்டையும் விறைப்பும். பள்ளத்தில் அமுங்கிவிட்டுத் திரும்பி எழும்போது பழைய ஷாக்கப்சரின் ரீபவுண்டை அது மதிப்பதே இல்லை. கணக்கும் போட்டுப் பார்த்தேன்: ஸ்பிரிங் விறைப்பு 40 சதவீதம் கூடினால், பழைய அடக்கம் கிடைக்க ஷாக்கப்சரின் பிடிப்பு 18 சதவீதமாவது கூட வேண்டும். வர்க்கமூலம். பத்தாம் வகுப்பில் நான் வெறுத்த அதே சாமிதான்.

இன்னொரு கூத்து. வண்டி 40 மில்லி இறங்கியதால் ஷாக்கப்சர் கம்பி எந்நேரமும் பாதி உள்ளே போயே நிற்கிறது. மிச்ச ஓட்டம் கொஞ்சம்தான், சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் போய் ‘டக்’. ஜாக்கி போட்டுத் தூக்கினாலோ சக்கரம் கீழே தொங்கி, குட்டை ஸ்பிரிங் தன் இடத்தில் கலகலவென்று ஆடுகிறது.

போன மாதம் இதிலேயே பாராடாங் கிளம்பினேன். ஜிர்காடாங் செக்போஸ்டில் காலை ஆறு மணிக் கான்வாய். ஜாரவா மக்களின் காடு என்பதால் நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற சாலைதானே! எனக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், நடுவில் என் பந்தயக் குதிரை தலையாட்டிக்கொண்டே போனது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரியில் ஏற்றும்போது கடல் வற்றிய நேரம். ராம்ப் செங்குத்தாகக் கிடந்தது, முன்பம்பர் அதில் எழுத்தாணி மாதிரி கீறியது. படகுக்காரர் இரண்டு பலகை போட்டு ஏற்றினார். அது முதல் எனக்குப் பேர் ‘பலகைக்கார அண்ணன்’.

நீங்கள் லாரிப் பட்டை மாற்றியே நாற்பது வருஷம் ஓட்டியவர், இதற்கு ஒரு வழி சொல்லுங்க. நான் விசாரித்த வரையில் பில்ஸ்டீன் ஷாக்கப்சரில் பி6 வேண்டாம், அது கம்பெனி உயரத்துக்கு. பி8 தாழ்த்திய வண்டிக்கென்றே குட்டையாகச் செய்தது. ஓட்டமும் திரும்பக் கிடைக்கும், ஸ்பிரிங்கும் கழலாது. கோனி மஞ்சள் என்றால் ரீபவுண்டைத் திருகித் திருகிக் கூட்டிக்கொள்ளலாம், திருகுகிற ஆசைக்கு அதுதான் நல்லது. உயரத்தைப் பழையபடி ஏற்றிவிடு என்று மட்டும் சொல்லாதீங்க. அதை இங்கே வீட்டுக்காரம்மாவே தினமும் சொல்கிறார்.

பி8 நாலு கிடைத்தால் சென்னைக் கப்பலில் போட்டுவிடுங்க. பெட்டியில் இடம் இருந்தால் ஊத்துக்குளி நெய் ஒரு டப்பா. மேலே ‘நெய்’ என்று பெரிசாக எழுதிவிடுங்க. ஒழுகியிருந்தால் ஷாக்கப்சர் ஆயில் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை