கனவான் வீட்டில் இல்லை

லண்டன் பிஷப்ஸ் அவென்யூவில் இவருக்கு ஒரு மாளிகை உண்டு. ‘இவர்’ என்பதே ஓர் உத்தேசம்தான். ஒருவேளை இவருடைய இரண்டாம் மனைவியின் தம்பியாகவும் இருக்கலாம். பத்திரத்தில் இருப்பது பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனி. முப்பதாயிரம் சொச்சம் பேர் வசிக்கும் அந்தத் தீவுகளில் லட்சக்கணக்கான கம்பெனிகள் வசிக்கின்றன. பலவற்றுக்குத் தபால் முகவரிதான் தேகம்.

தன்னை யாரும் கவனிக்கக் கூடாது என்பது ஐயாவின் கொள்கை. ஆகவே தெருவிலேயே பெரிய வீடாகப் பார்த்து வாங்கினார். முகப்பில் கிரேக்கத் தூண்கள், முலாம் பூசிய கேட், திரும்பிய பக்கமெல்லாம் காமிரா.

இதே தெருவில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த மாளிகைகள் பாழடைந்து நின்றது 2014இல் பெரிய செய்தியானது. ஐயா அவ்வளவு மோசமில்லை. ஆள் இல்லையே தவிர, குடித்தனம் குறைவில்லாமல் நடக்கிறது. பொழுது சாய்ந்தால் விளக்குகள் தாமாகவே எரிகின்றன. வாரம் ஒருமுறை பராமரிப்பாளர் குளியலறை குளியலறையாகப் போய்க் குழாய்களைத் திறந்து ஓடவிடுகிறார். தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். குளிக்க ஆளில்லாத வீட்டிலும் யாருக்கும் காய்ச்சல் வந்துவிடக் கூடாதல்லவா!

கம்பெனி பெயரில் வாங்குவது ஒரு காலத்தில் சிக்கனமாகவும் இருந்தது. விற்கும்போது வீட்டைத் தொடவே வேண்டாம். கம்பெனிப் பங்குகளைக் கைமாற்றினால் முத்திரைத் தீர்வை மிச்சம். அரசு கண் விழித்து, 2013இல் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஆண்டு வரி போட்டது. 2 கோடி பவுண்டைத் தாண்டிய மாளிகைக்கு 2024இல் அது 2,87,500 பவுண்டு. ஐயா முணுமுணுக்கவில்லை. பெயரெடுக்கக் காசு இறைப்பவர்கள் எத்தனையோ பேர். ஐயா பெயரை எடுத்துவிடக் காசு இறைப்பவர்.

உக்ரைன் போருக்குப் பிறகுதான் பிடி இறுகியது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளரை 2023 ஜனவரி 31க்குள் பதிவேட்டில் சொல்ல வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்தது. ஐயா சட்டத்தை மதிப்பவர். வக்கீல் வைத்து மதிப்பவர். கம்பெனிக்கு மேல் ஒரு டிரஸ்ட், டிரஸ்டை நடத்த இன்னொரு கம்பெனி. அந்தக் கம்பெனியின் பெயரைத் தெளிவாக, எழுத்துப் பிழையில்லாமல், கெடுவுக்கு முன்பே பதிந்தாயிற்று.

சொந்த ஊரில் வெயில் தாங்காத ஜூலையில் ஐயா ஒரு நடை வருவார். ஒருமுறை அப்படி வந்தபோது கேட்டில் புதுக் காவலாளி.

“யாரைப் பார்க்கணும் சார்?”

“நான்தான் வீட்டுக்காரன்.”

“இங்கே வீட்டுக்காரர் கம்பெனிதான் சார். கம்பெனி பெயர் சொல்லுங்க, போன் பண்ணிக் கேட்கிறேன்.”

ஐயாவுக்குப் பெயர் நினைவில்லை. பழைய பெயர் ஒன்று வாயில் வந்தது. அது மூன்று வக்கீல்களுக்கு முந்தையது. இப்போதைய வக்கீலை அழைத்தார். அவர் ஐயாவின் குரலைக் கேட்டுவிட்டு, அடையாளத்தை உறுதிசெய்ய வெர்ஜின் தீவுகளில், டார்ட்டோலாவில் உள்ள கம்பெனி அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்றார். லண்டனில் மாலை ஐந்தரை. டார்ட்டோலாவில் பகல் பன்னிரண்டரை. அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.